ஐந்தாவது கிணற்றின் மண்

நான் முதன்முதலாக வேலைக்குப் போன இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடி வைத்த சாதாரண வீடு. கீழே ஆபீஸ், மாடியில் ஆய்வுக்கூடம் என்று நேர்முகத் தேர்வில் சொல்லியிருந்தார்கள். அப்பா அதை நம்பவில்லை. தபால் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பலகை இல்லாத ஆபீஸ் அவரைப் பொறுத்தவரை ஆபீஸே இல்லை. முதல் நாள் சிட்லபாக்கத்திலிருந்து என்னை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்து மரநிழலில் வண்டியை நிறுத்தி அதன் மேலேயே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் நான் வெளியே வந்து, “ஒண்ணும் பயமில்லப்பா, எல்லாம் கல்லும் மண்ணும்தான்” என்று சொன்ன பிறகுதான் கிளம்பினார். போகும்போது, “எதுல கையெழுத்துப் போட்டாலும் படிச்சுப் பாத்துப் போடு” என்றார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எண்ணெய் தேடும் வேலையில் தனியார் நிறுவனங்களும் இறங்கத் தொடங்கியிருந்த காலம். எங்கள் நிறுவனத்துக்கு வடகிழக்கு எல்லையில் மலையும் காடுமான ஒரு பகுதி கிடைத்திருந்தது. அதற்கு முன் அங்கே யாரும் எண்ணெய்க்காகத் துளை போட்டதில்லை. அங்கே தோண்டும் கிணறுகளிலிருந்து உடைந்து வரும் பாறைத் துகள்களைச் சின்னத் துணிப்பைகளில் கட்டி, பெட்டியில் அடுக்கி, ரயில் பார்சலில் எங்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு ஐந்து மீட்டர் ஆழத்துக்கும் ஒரு பை. பையின் மேல் கிணற்றின் எண்ணும் ஆழமும் எழுதியிருக்கும். நாங்கள் அதைக் கழுவிக் காயவைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன பாறை, அதில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று எழுதி அனுப்ப வேண்டும். இவ்வளவு தூரத்தில், தாம்பரத்தில் ஏன் இந்த ஆய்வுக்கூடம் என்று நான் கேட்டதற்கு, “நான் இங்கதானம்மா குடியிருக்கேன்” என்று சிரித்தார் மேலாளர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர்.

நாங்கள் மொத்தம் நான்கு பேர். கீழே மேலாளர். மாடியில் மூத்த ஆய்வாளர் ஒருவரும் நானும். பின்கட்டில் தொட்டியடியில் பைகளைக் கழுவும் அக்கா. அக்காவுக்கு என்னைவிட ஆறேழு வயது அதிகம். கோவளம் பக்கத்து மீனவர் குடும்பத்தில் பிறந்து, மேற்குத் தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். காலையில் ரயில்வே பாலத்தில் ஏறி இறங்கி நடந்தே வருவார். அவருடைய அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

தெரு எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தது. எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க மாடியில் ஒரு அறையை இருட்டாக்கி, ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, ஊதா விளக்கு ஒன்றைப் பொருத்தியிருந்தோம். அந்த விளக்கின் கீழே வைத்தால் எண்ணெய் பட்ட மணல் மஞ்சளாக ஒளிரும். பட்டப்பகலில் கறுப்புத் துணியின் ஓரத்தில் ஊதா வெளிச்சம் கசிவதைப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, “உள்ள பொண்ணு ஒண்ணு, ஆம்பளைங்க ரெண்டு பேரு, ஜன்னலெல்லாம் மூடி இன்னா நடக்குது?” என்று அக்காவிடமே கேட்டிருக்கிறார். “கல்ல வெளக்குல காட்டிக்கினு கீறாங்க, போய் வேலயப் பாரு” என்று அக்கா பதில் சொன்னாராம்.

வீட்டுக்காரர் வேறு விதமாகச் சந்தேகப்பட்டார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர்களுக்கு ஒரு காலத்தில் நிறைய நிலம் இருந்தது. அப்பா காலத்தில் நெல் போட்ட இடமெல்லாம் இப்போது மனைகளாகி, மிச்சமிருந்தது இரண்டே துண்டு. எண்ணெய்க் கம்பெனி தேடிவந்து தன் வீட்டை வாடகைக்கு எடுத்ததற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று அவர் முடிவே செய்துவிட்டார். ஒரு நாள் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரோடு வந்து நின்றார். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தது.

“மேடம், இது நம்ம போர்த் தண்ணி. இத உங்க வெளக்குல வச்சுப் பாரு. மேலாளர்கிட்ட சொல்லாத.”

வைத்துப் பார்த்தேன். வெளிறிய நீலமாக ஒளிர்ந்தது. மோட்டாருக்குப் போட்ட கிரீஸ் கலந்திருக்கிறது என்று சொன்னேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்டித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். மிச்சமிருந்த இரண்டு மனைகளையும் அவர் ரொம்ப நாள் விற்கவில்லை.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம் முதல் கிணற்றில் எண்ணெய் வந்துவிட்டது என்று தந்தி வந்தது. மேலாளர் மைசூர்பாகு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அன்றைக்கு மூத்த ஆய்வாளர் மட்டும் இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “ஒரு கிணத்துல வந்தா போதுமா? பரப்பு எவ்ளோன்னு பாக்க வேண்டாமா?” என்று மெதுவாகச் சொன்னார்.

தலைமை அலுவலகத்துக்குப் பொறுமை இல்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் ஏழு கிணறுகளையும் தோண்டி முடிக்க வேண்டும், குழாய் போடும் வேலையையும் கூடவே ஆரம்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சாதாரணமாக ஒரு கிணற்றைத் தோண்டி, மின்கருவியை உள்ளே இறக்கி அளந்து, பாறையை ஆராய்ந்து, அதற்குப் பிறகுதான் அடுத்தது எங்கே என்று முடிவு செய்வார்கள். இங்கே அளவெடுக்கும் வேலையைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, இரண்டு துளைப்பொறிகளை ஒரே சமயத்தில் ஓட்டினார்கள். அதுவரைக்கும் பாறைத் துகள் சொல்வதுதான் ஆதாரம். வாரத்துக்கு ஒரு பெட்டி வந்துகொண்டிருந்தது மூன்றாகிவிட்டது. பெட்டி வந்ததும் பைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பிறகு அவை சரக்கறைக்குப் போகும். சரக்கறைச் சாவி மூத்த ஆய்வாளரிடம் இருந்தது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயது இருக்கும். வளைகுடா நாடொன்றில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு வந்து, பெருங்களத்தூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் பக்கத்தில் போனால் எழுதிக்கொண்டிருக்கும் நோட்டை மூடிவிடுவார். மேஜையின் கீழ் இழுப்பறையை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார். ஒரு நாள் நான் மாடிக்குச் சீக்கிரம் வந்தபோது, ஒரு பையிலிருந்து கொஞ்சம் மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு அதை இழுப்பறைக்குள் வைப்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும், “டேபிள் கொஞ்சம் அழுக்கா இருந்தது” என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னார்.

வீட்டுக்காரர் வேறு என் காதில் போட்டுவைத்தார். “ஆபீஸ்ல போன் கீது. அத வுட்டுட்டு உங்க சார் நம்ம மச்சான் பூத்துல வந்து வெளியூருக்குப் பேசிக்கினு கீறாரு. கண்ணாடிக் கதவ சாத்திக்கினு பேசுறாரு. எதுக்குன்றேன்?”

எதுக்கு என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் எழுந்து போகும் நேரத்தையெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். வேறு கம்பெனிக்குத் தகவல் கொடுக்கிறாரோ என்று தோன்றியது. அப்பாவிடம் சொன்னபோது, “நான்தான் மொதல்லயே சொன்னேனே” என்றார். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

பங்குனி பிறந்த சமயத்தில் ஐந்தாவது கிணற்றின் பைகள் வந்தன. நான்காவது கிணறும் ஐந்தாவதும் ஒரு மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒரே சமயத்தில் தோண்டிய கிணறுகள். நான்காவதில் நல்ல எண்ணெய் மணல். ஐந்தாவதையும் கழுவுவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்து ஊதா விளக்கின் கீழே வைத்தேன். அதேபோல் மஞ்சளாக ஒளிர்ந்தது. மேலாளர் அன்றே தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். ஐந்தாவதை ஒட்டியே ஆறாவதையும் ஏழாவதையும் தோண்டுவதாக மறுவாரம் தகவல் வந்தது.

அந்த வாரம் ஒரு மத்தியானம், காய்ந்த மண்ணை எடுக்கத் தொட்டியடிக்குப் போனேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இன்னா பாப்பா, களுவுன மண்ணயே திரும்பக் களுவச் சொல்றீங்க?”

“இல்லக்கா, இது புதுசு. அஞ்சாவது கிணறு.”

“நம்பர் இன்னாவோ இருக்கட்டும். இது போன வாரம் களுவுன மண்ணுதான். அதே தோலு மெதக்குது பாரு.” சல்லடையின் ஓரத்தில் ஒதுங்கியிருந்ததை விரலால் காட்டினார். பழுப்பு நிறத்தில் மெல்லிய ஓட்டுத் துணுக்குகள். “போன வாட்டி இத பொறுக்கிப் பொறுக்கியே என் கை நோவுது.”

எனக்கு அது என்னவென்று தெரியும். தோண்டும்போது துளைக்குள் சேறு போல ஒரு கலவையை ஓடவிடுவார்கள். பாறையில் வெடிப்பு இருந்தால் அந்தச் சேறு அதற்குள் புகுந்து காணாமல் போய்விடும். அடைப்பதற்கு நொறுக்கிய கொட்டை ஓடுகளைக் கொட்டுவார்கள். நான்காவது கிணற்றில் அப்படி வெடிப்பு இருந்ததும் ஓடு கொட்டியதும் அங்கிருந்து வந்த தினசரி அறிக்கையில் இருந்தன. ஐந்தாவது கிணற்றின் அறிக்கையில் வெடிப்பும் இல்லை, ஓடும் இல்லை. இல்லாத ஓடு எப்படி மண்ணுக்குள் வந்தது?

மாடிக்குப் போய் இரண்டு கிணற்றின் பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். அதே மணல், அதே நிறம், அதே ஓடு. ஐந்தாவது கிணற்றின் பைகள் முப்பது, வேறு வேறு ஆழம் என்று எழுதியவை, எல்லாவற்றிலும் ஒரே மண்தான் இருந்தது. மேலிருந்து கீழே நூற்றைம்பது மீட்டருக்குப் பாறை கொஞ்சமும் மாறாமல் இருக்குமா? மூத்த ஆய்வாளர் எதிர் மேஜையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தபால்காரர் புத்தியோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பை வந்ததுக்கு யாரு கையெழுத்து?”

“நான்தான்.”

“அப்போ மாத்துனது யாருன்னு கேள்வி வந்தா, மொதல்ல உன்னத்தான் கேப்பாங்க. நாளைக்குக் காலைல போனதும் நீயே மேலாளர்கிட்ட சொல்லிடு. இன்னொருத்தர் சொல்லவிட்டுட்டு நிக்காத.”

மறுநாள் காலையில் மேலாளர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நான் அவர் மேஜை முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டார். முகம் மாறவில்லை. ஐந்தாவது கிணற்றின் மண் ஐந்தாவது கிணற்றினுடையது அல்ல என்று சொன்ன இடத்தில் பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

அவர் முதலில் கேட்டது இதுதான். எப்படி நடந்திருக்கும் என்று கேட்கவில்லை. அது அப்போதே எனக்கு உறுத்தியது. ஆனால் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“இங்க அக்காவத் தவிர யாருக்கும் தெரியாது சார். நான் பைய எண்ணி எழுதறதோட சரி. அப்புறம் சரக்கறைச் சாவி அவர்கிட்டதான் சார் இருக்கு.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. யாரும் கேட்கவில்லை. குப்பியைப் பற்றியும் பூட்டிய இழுப்பறையைப் பற்றியும், போன் பூத்தைப் பற்றியும்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே எல்லாம் ரொம்பப் பொருத்தமாகத் தெரிந்தது.

பத்து மணிக்கு மேலாளர் மாடிக்கு ஏறி வந்தார். அதற்கு முன் அவர் மாடிக்கு வந்தது அபூர்வம். “அந்த டிராயரக் கொஞ்சம் திறங்க” என்றார். மூத்த ஆய்வாளர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே நாற்பது ஐம்பது கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை மண், கிணற்றின் எண், ஆழம், பெட்டி வந்த தேதி. பக்கத்தில் அந்த நோட்டு. மேலாளர் அதை எடுத்துப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைச் சத்தமாகவே படித்தார். நான்காவது கிணற்றுக்கும் ஐந்தாவதுக்கும் மண் ஒன்றாக இருக்கிறது. மாற்றம் தாம்பரத்திலேயே நடந்திருக்கலாம். பெட்டியைப் பிரித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுபவரைக் கவனிக்க வேண்டும். அதன் கீழே என் பெயர்.

அவர் என்னைச் சந்தேகப்பட்டு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். நான் அவரைச் சந்தேகப்பட்டு மேலாளரிடம் போயிருக்கிறேன். இரண்டு பேரும் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து ஒரே மண்ணைப் பார்த்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் வேவு பார்த்திருக்கிறோம்.

“பூத்துலேர்ந்து யாருக்குப் போன்?” என்று மேலாளர் கேட்டார்.

“தோண்டுற எடத்துல இருக்கற முகாம் ஆபீசுக்கு. பெட்டி மூணா வர ஆரம்பிச்சதுலேர்ந்தே, அங்க பை கட்டும்போது யாரு இருக்காங்கன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். இங்கேர்ந்து பேசினா எல்லாரும் கேப்பாங்க.” குரலில் கோபம் இல்லை. சரக்கறைச் சாவியை வளையத்திலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். மேலாளர், “இருங்க, பேசலாம்” என்றார். அவர் படியிறங்கிப் போய்விட்டார். விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது. நான்காம் நாள் அவருடைய ராஜினாமா தபாலில் வந்தது.

உண்மை பத்து நாள் கழித்து நேரிலேயே வந்தது. முகாமில் பை கட்டி அனுப்பும் பொறுப்பிலிருந்த புவியியலாளரை மேலாளர் வரவழைத்திருந்தார். பெட்டிகளோடு வரும் சீட்டுகளில் அவர் கையெழுத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்; பெரிய ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஏறக்குறைய என் வயதுதான். ஆம்பூர் பக்கத்துக்காரர். மலேரியா வந்து தேறியிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மேலாளர் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

“மண்ணு நாலாவது கிணத்தோடதுதான் சார். நான்தான் போட்டேன்.”

இரண்டு கிணற்றுக்கும் அவர் ஒருவர்தான் ஆள். எதிர்பாராத மழையில் ஐந்தாவது கிணற்றுக்குப் போகும் மலைப்பாதை சரிந்துவிட்டது. மூன்று நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. தோண்டுவதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி வயர்லெஸில் கெஞ்சியிருக்கிறார். “கல்ல அப்புறம் படிச்சுக்கலாம், மொதல்ல ஆழம் போகட்டும்” என்று பதில் வந்திருக்கிறது. பாதை சரியாகிப் போனபோது துளை மேலும் நூற்றைம்பது மீட்டர் இறங்கிவிட்டது. வந்த துகளையெல்லாம் புல்டோசர் பள்ளத்தில் தள்ளிவிட்டது. பைகள் கணக்கு குறைந்தால் வேலை போய்விடும் என்று தோண்டும் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் காய்ச்சலும் ஆரம்பித்திருந்தது. நான்காவது கிணற்றின் அருகே கிடந்த குவியலிலிருந்து அள்ளி முப்பது பைகளையும் நிரப்பி, ஆழத்தை எழுதி, கட்டி அனுப்பிவிட்டார்.

“யாராச்சும் கண்டுபிடிச்சுக் கேப்பாங்கன்னுதான் சார் நெனச்சேன். கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். யாருமே கேக்கல. எண்ணெய் வந்துடுச்சுன்னு அங்க பார்ட்டி வச்சாங்க.”

அக்கா அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தார். நடந்ததை நான் பின்கட்டில் சொன்னபோது, “மண்ணு ஒண்ணுதான்னு நான் களுவும்போதே சொன்னேன். இதுக்கு ஒரு மனுசன தொரத்திவுட்டு, இம்மாம் பேஜாரு” என்றார். துரத்திவிட்டது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப மேலாளர் என்னிடமே அறிக்கை எழுதச் சொன்னார். மூன்று பக்கம் தட்டச்சு செய்தேன். முதல் இரண்டு பக்கம் அந்த வாரத்தின் வழக்கமான விவரம். மூன்றாம் பக்கத்தில், ஐந்தாவது கிணற்றின் மாதிரிகள் அந்தக் கிணற்றுடையவை அல்ல, அங்கே எண்ணெய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை, அளவெடுக்காமல் பக்கத்தில் வேறு கிணறு தோண்டக் கூடாது என்று எழுதினேன். மேலாளர் படித்துத் தலையாட்டி, கையெழுத்துப் போட்டு, தானே ஃபேக்ஸ் இயந்திரத்தில் வைத்தார். மாலையில் கிளம்பும்போது இயந்திரத்தின் பக்கத்தில் சின்னச் சீட்டு கிடந்தது. அனுப்பிய பக்கங்கள் இரண்டு என்று அதில் அச்சாகியிருந்தது.

மறுநாள் கேட்டேன். “ஒரு பக்கம் சிக்கிக்கிச்சு. அப்புறம் திரும்ப அனுப்பிட்டேன்மா” என்றார். திரும்ப அனுப்பியதற்குச் சீட்டு எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு முறை ஒருவரைப் பற்றி வாய் திறந்து பட்டது போதும் என்றிருந்தது. குப்பைக்கூடையை மட்டும் பார்த்தேன். காலியாக இருந்தது.

ஆறாவதையும் ஏழாவதையும் திட்டமிட்ட இடத்திலேயே தோண்டினார்கள். மழைக்கு முன்னால் முடித்தும் விட்டார்கள். கடைசியில் மின்கருவியை இறக்கிப் பார்த்தபோது ஐந்து, ஆறு, ஏழு மூன்றிலும் உப்புத் தண்ணீர்தான். மலையின் நான்காவது கிணற்றுப் பக்கத்தோடு எண்ணெய் முடிந்துவிட்டது. குழாய்கள் பாதிவழி வரைக்கும் வந்து கிடந்தன. ஆடி மாதத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தை மூடுவதாகக் கடிதம் வந்தது. லாரி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. “ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சா ஏன் இத்தன மூட்டைய பத்திரமா எடுத்துக்கினு போறாங்க?” என்று வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். அக்கா சானடோரியம் பக்கத்தில் ஏற்றுமதித் துணி தைக்கும் இடத்தில் சேர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பெருங்களத்தூர் போகத் தைரியம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரயிலில் இறங்கி, ரயில்வே கேட் திறக்கக் காத்துநின்று, விசாரித்துக்கொண்டே போனேன். பூச்சு வேலை முடியாத வீடு. மூத்த ஆய்வாளர் வாசலில் சிமென்ட் மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்ததை மறந்துவிட்டேன். “சார், சாவி உங்ககிட்ட இருக்குன்னு நான்தான் சொன்னேன்” என்றேன்.

“தெரியும்.”

“பயத்துல சொல்லிட்டேன் சார். தப்பு.”

அவர் தெருவைப் பார்த்தார். “நானும் உங்க பேர எழுதித்தான வச்சிருந்தேன். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நான் மேலாளர்கிட்ட போயிருப்பேன். நீங்க முந்திக்கிட்டீங்க.”

முகாமிலிருந்து வந்தவர் சொன்னதையும், மூன்று கிணற்றில் தண்ணீர் வந்ததையும் சொன்னேன். ஃபேக்ஸ் சீட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்தார்.

“மேல இருக்கறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமா சார்?”

“தெரிஞ்சிருக்கலாம். பக்கம் நெஜமாவே சிக்கியும் இருக்கலாம்” என்றார். “மண்ணுன்னா பக்கத்துல வச்சுப் பாத்துடலாம். இத எது பக்கத்துல வச்சுப் பாக்கறது?”

உள்ளே இருந்து அவர் மனைவி யார் என்று கேட்டார். “ஆபீஸ்ல கூட வேல பாத்தவங்க” என்று பதில் சொன்னார். உள்ளே வாருங்கள் என்று இரண்டு பேருமே கூப்பிடவில்லை. நான் கிளம்பத் திரும்பியபோது, “இப்போ என்ன பண்றீங்க?” என்றார். ஒன்றும் இல்லை என்றேன். உள்ளே போய் ஒரு காகிதத்தில் எதையோ எழுதிக் கொண்டுவந்து கேட்டின் கம்பிக்கு நடுவே நீட்டினார். மறைமலை நகரில் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றின் முகவரி. அச்சு செய்யும் மணலைச் சோதிக்க ஆள் தேடுகிறார்கள், அங்கே தனக்குத் தெரிந்தவர் இருக்கிறார் என்றார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு எதற்காக இதைச் செய்கிறார்? அங்கே என்னைப் பற்றி முதலிலேயே ஏதாவது சொல்லிவைத்திருக்கிறாரா? போய் நின்றால் அவமானப்படுத்தி அனுப்புவார்களா? மன்னித்துவிட்டார் என்பதை மட்டும் என் மனது ஒத்துக்கொள்ள மறுத்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சும்மா ஒருத்தன் இப்படி எழுதிக் குடுப்பானா?” என்றார்.

புதன்கிழமை போனேன். யார் அனுப்பியது என்று கேட்டார்கள், அவர் பெயரைச் சொன்னேன். ஒரு தட்டில் மணலைப் போட்டுக் கொடுத்து என்ன தெரிகிறது என்று எழுதச் சொன்னார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். எட்டு வருடம் அங்கே இருந்தேன். அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன், பதில் வரவில்லை.